வெயிலை நோக்கி ஒரு குடிபெயர்வு

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின், அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் கலிபோர்னியா வரலாற்றிலேயே முதன்முறையாக ஓர் இடத்தை இழந்தது. டெக்சாஸ் இரண்டு இடங்களைக் கூடுதலாகப் பெற்றது. இதமான கடற்கரை மாநிலத்தை விட்டு, வெயில் கொளுத்தும் மாநிலத்துக்கு ஏன் இத்தனை குடும்பங்கள் போகின்றன? டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை என்பார்கள். உண்மைதான், ஆனால் அங்கே சொத்து வரி கடுமையானது. எனவே வரி மட்டும் காரணமாகாது. வீட்டு விலைதான் பெரிய காரணம். கலிபோர்னியாவில் நிலப் பயன்பாட்டு விதிகளும் அனுமதித் தாமதங்களும் புதிய வீடுகளைக் குறைத்து, விலையை ஏற்றிவிட்டன. கட்சிக்கொடியைப் பார்த்து ஊர் மாறுவோர் சிலரே. அரசியல் பெரும்பாலும் வாடகை வழியாகத்தான் வீட்டுக்குள் நுழைகிறது.

அப்படியானால் தட்பவெப்பம் பொருட்டே இல்லையா? ஏசி வந்த பிறகு வெயில் தடையாக இல்லாமல் போனது மெய்யே. ஆனால் தண்ணீருக்கு ஏசி போல மாற்று வழி கிடையாது. வெயில் கொளுத்தும் இன்னொரு மாநிலமான அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் 2023 கோடையில் தொடர்ந்து 31 நாட்கள் வெப்பம் 43 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அதே ஆண்டு ஜூனில், நிலத்தடி நீரை மட்டுமே நம்பி அந்நகரைச் சுற்றி எழவிருந்த புதிய குடியிருப்புகளுக்கு ஒப்புதல் வழங்குவதை மாநில அரசே நிறுத்தியது.