இலவசச் சேவையும் சிறுதொழிலும்: இங்கிலாந்துக் குழந்தைக் காப்பாளர் அனுபவம்

ஆலைக்குக் கரும்பைப் பதிவு செய்துகொடுக்கும் விவசாயி ஒரு நன்மையையும் இரண்டு கட்டுப்பாடுகளையும் நன்கு அறிந்தவர். விளைந்த கரும்பை யார் வாங்குவார் என்னும் கவலை அவருக்கு இல்லை. ஆனால் விலையை நிர்ணயிப்பவர் அவர் அல்லர்; பணம் எந்த நாளில் வரும் என்பதும் அவர் கையில் இல்லை. இதே நிலை, நிலமும் பயிரும் இல்லாத வேறொரு தொழிலில், இங்கிலாந்து நாட்டில் ஏற்பட்டிருக்கிறது. தம் வீட்டிலேயே பிறர் குழந்தைகளைப் பேணிப் பிழைப்பு நடத்துவோரின் தொழில் அது. அக்குழந்தைகளுக்குரிய கட்டணத்தில் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்றுக்கொண்டதன் விளைவை இங்கு விளக்க முற்படுகிறோம். ஒரு சேவை மக்களுக்கு இலவசமாகும்போது அதைச் செய்பவர் நிலை என்னவாகிறது என்னும் கேள்வி, பஞ்சாயத்துப் பொறுப்பு வகிப்போர் அனைவரும் சிந்திக்கத்தக்கதாகும்.

தொழிலின் இயல்பு

இங்கிலாந்தில் தாயும் தந்தையும் வேலைக்குச் செல்லும் குடும்பங்கள் ஏராளம். பள்ளி செல்லும் வயது வராத குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்ளக் குழந்தைப் பள்ளிகள் உள்ளன. அவற்றோடு, தம் வீட்டையே குழந்தைகளுக்கு ஏற்றவாறு அமைத்துக்கொண்டு இத்தொழிலை நடத்துவோரும் உள்ளனர். இவர்களை அந்நாட்டில் 'சைல்டுமைண்டர்' என்பர்; நாம் குழந்தைக் காப்பாளர் என்று குறிப்பிடுவோம். இவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

இது எவரும் விரும்பியவாறு நடத்தத்தக்க தொழில் அன்று. ஆஃப்ஸ்டெட் என்னும் அரசாங்க மேற்பார்வை நிறுவனத்திலோ, அதன்கீழ்ப் பதிவு பெற்ற காப்பாளர் முகமை ஒன்றிலோ பதிவு செய்துகொள்ளல் வேண்டும். ஒரு காப்பாளர் தனித்து நடத்தும் வீட்டில் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆறு பேருக்கு மேல் இருத்தலாகாது. அவர்களுள் பள்ளி வயதை எட்டாத சிறு குழந்தைகள் பொதுவாக மூவர் மட்டுமே. ஒரு வயது நிரம்பாத குழந்தை ஒன்றே. ஆதலின் காப்பாளரிடம் விற்பனைக்கு உள்ளவை பகல் முழுவதற்குமான மூன்று இடங்கள்தாம். மூன்றே ஏர் நிலம் உடைய உழவர் ஒவ்வொரு காணியையும் எண்ணிப் பயிரிடுவதைப்போல, இவரும் ஒவ்வோர் இடத்தையும் எண்ணியே நிரப்பவேண்டும். ஓர் இடம் காலியானால் வருவாயில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

திட்டம் வளர்ந்த வரலாறு

நான்கு வயதுக் குழந்தைகள் அனைவருக்கும் 1998-ஆம் ஆண்டிலும், மூன்று வயதினர்க்கு 2004-ஆம் ஆண்டிலும், நாளில் சில மணி நேர இலவசக் கல்வி உரிமையாக்கப்பட்டது. 2010-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் அது வாரத்திற்கு 15 மணியாக உயர்ந்தது. ஆண்டில் 38 வாரங்களுக்கு இவ்வுரிமை உண்டு. 2017 செப்டம்பரில், பெற்றோர் இருவரும் வேலை பார்க்கும் குடும்பங்களின் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கு 30 மணி வழங்கப்பட்டது.

2023-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் பெரியதொரு விரிவு அறிவிக்கப்பட்டது. அதன்படி, வேலை பார்க்கும் பெற்றோரின் இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு 2024 ஏப்ரலிலும், ஒன்பது மாதக் குழந்தை முதற்கொண்டு 2024 செப்டம்பரிலும் 15 மணி கிடைத்தது. 2025 செப்டம்பரில் ஒன்பது மாதம் முதல் பள்ளி செல்லும் வரை இவர்கள் அனைவர்க்கும் 30 மணி என்றாயிற்று. ஆண்டுக் கணக்கில் இது 1,140 மணி நேரமாகும்.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அரசாங்கம் பெற்றோர் கையில் பணம் கொடுப்பதில்லை. உள்ளூர் மன்றத்திற்குத் தொகை ஒதுக்குகிறது. உள்ளூர் மன்றம் ஒரு மணிக்கு இவ்வளவு என விகிதம் நிர்ணயித்துக் காப்பாளர்க்குச் செலுத்துகிறது. பெற்றோர்க்கு இது இலவசம்; காப்பாளர்க்கோ இது விலை பேச இயலாத ஒரு கொள்முதல்.

மூன்று இடங்களின் கணக்கு

இத்திட்டத்தில் சேர்ந்த காப்பாளர் லாபம் அடைகிறாரா, நஷ்டம் அடைகிறாரா என்று கேட்டால், குழந்தையின் வயதைச் சொன்னாலன்றி விடை கூற இயலாது. 2024-25-ஆம் ஆண்டில் அரசாங்கம் உள்ளூர் மன்றங்களுக்கு அளித்த தேசிய சராசரி விகிதம், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மணிக்கு 11 பவுண்டு 22 பென்ஸ். இரண்டு வயதினர்க்கு 8 பவுண்டு 28 பென்ஸ். மூன்று, நான்கு வயதினர்க்கு 5 பவுண்டு 88 பென்ஸ். உள்ளூர் மன்றம் தன் நிர்வாகத்திற்கெனச் சிறு பகுதியை நிறுத்திக்கொள்ளும். குறைந்தது 95 விழுக்காட்டைச் சேவை செய்பவர்க்குச் சேர்க்கவேண்டும் என்றிருந்த விதி, 2025-26-இல் 96 விழுக்காடாக உயர்த்தப்பட்டது.

எளிய கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். காப்பாளர் ஒருவர் பெற்றோரிடம் மணிக்கு 6 பவுண்டு வாங்கி வந்தார் என வைத்துக்கொள்வோம். மூன்று வயதுக் குழந்தைக்கு உள்ளூர் மன்றம் 5 பவுண்டு 60 பென்ஸ் தருகிறது எனில், 1,140 மணிக்கு 6,384 பவுண்டு கிடைக்கும். பழைய கட்டணத்தில் 6,840 பவுண்டு வந்திருக்கும். ஆண்டுக்கு 456 பவுண்டு குறைவு. கைக்குழந்தைக்கு உள்ளூர் மன்றம் 10 பவுண்டு 50 பென்ஸ் தருமாயின் 11,970 பவுண்டு கிடைக்கும். இதில் 5,130 பவுண்டு அதிகம்.

அவ்வாறாயின் கைக்குழந்தைகளையே சேர்த்துக்கொள்ளலாமே என்று தோன்றலாம். ஒரு வயது நிரம்பாதது ஒன்றே இருக்கலாம் என்னும் விதி அதற்குத் தடை. அன்றியும், குழந்தை வளரும். இரண்டு வயதில் விகிதம் ஒருபடி இறங்கும். மூன்றில் மேலும் இறங்கும். நட்ட கரும்பில் கிடைத்த விளைச்சல் மறுதாம்பில் குறைவதைப்போல, அதே குழந்தை, அதே இடம், அதே உழைப்பு, ஆயினும் ஆண்டுக்கு ஆண்டு வருவாய் குறைந்துவரும். நான்கு வயது நிரம்பியபின் வரும் செப்டம்பரில் குழந்தை பள்ளிக்குப் போய்விடும். எனவே இவ்வாண்டு மிச்சத்தைக் கண்டு மகிழ்ந்து செலவழிப்பவர் மூன்றாம் ஆண்டில் இடர்ப்படுவார்.

குறைவை ஈடுசெய்யப் பெற்றோரிடம் வித்தியாசத்தை வாங்கலாமா? கூடாது. இலவச மணிகளுக்கு மேல்தொகை வாங்க விதி இடந்தராது. உணவு, அணையாடை, வெளியே அழைத்துச் செல்லுதல் முதலியவற்றுக்குக் கட்டணம் கேட்கலாம்; ஆனால் அதைக் கொடுத்தால்தான் இடம் உண்டு என்று நிபந்தனை விதித்தலாகாது. இலவச மணிகளுக்கு அப்பாற்பட்ட நேரத்துக்கு மட்டுமே காப்பாளர் தம் கட்டணத்தைத் தாமே நிர்ணயிக்கலாம். 1,140 மணியை ஆண்டின் 52 வாரங்களுக்கும் பகிர்ந்தால் வாரத்திற்குச் சுமார் 22 மணி வரும். வாரம் 50 மணி வரும் குழந்தையானால் எஞ்சிய 28 மணிக்குப் பெற்றோர் பணம் தருவர். பள்ளி நாட்களில் மட்டும் 30 மணிக்கு வரும் குழந்தையானால், எஞ்சிய 14 வாரங்கள் அவ்விடம் வெறுமையாகக் கிடக்கவும் கூடும்.

பணம் வரும் நாள்

முன்பு பெற்றோர் வாரந்தோறும் அல்லது மாதந்தோறும் நேரே பணம் கொடுத்து வந்தனர். இப்போது காப்பாளர் உள்ளூர் மன்றத்தை எதிர்நோக்கவேண்டும். மாதந்தோறும் வழங்குவதே முறை என்று அரசாங்கத்தின் வழிகாட்டுதல் கூறுகிறது. ஆயினும் பருவத் தொடக்கத்தில் மதிப்பிட்ட தொகையில் ஒரு பகுதி, குழந்தைகளைக் கணக்கெடுத்தபின் மீதி என்னும் முறையும் வழக்கில் இருந்து வருகிறது. பெரிய குழந்தைப் பள்ளி தாமதத்தைத் தாங்கும். வீட்டு வாடகையையும் கடைக்கடனையும் இவ்வருவாயிலேயே கட்டும் தனி ஒருவர்க்கு ஆறு வாரத் தாமதமே பெருஞ்சுமை.

எழுத்து வேலையும் சேர்கிறது. வேலை பார்க்கும் பெற்றோர் அரசாங்கத்திடம் விண்ணப்பித்துப் பதினோர் இலக்க எண் ஒன்றைப் பெறவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை உறுதிப்படுத்தவும் வேண்டும். செப்டம்பர், ஜனவரி, ஏப்ரல் ஆகிய பருவங்கள் தொடங்குமுன் அந்த எண் கையில் இராவிடின் அப்பருவத்தில் இலவச இடம் தொடங்காது. பெற்றோரின் மறதிக்குக் காப்பாளர் இரண்டு வழியில் ஈடுகொடுக்கிறார்: கட்டணம் கேட்டால் மனத்தாங்கல்; கேளாவிடில் நஷ்டம்.

சேர்வதா, ஒதுங்குவதா?

இத்திட்டத்தில் சேரும்படி எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆயினும் ஒன்பது மாதக் குழந்தை முதலே 30 மணி இலவசம் என்றானபின், முழுக் கட்டணம் தர முன்வரும் குடும்பங்கள் அருகிவிட்டன. ஒதுங்கி நிற்பவரிடமிருந்து குழந்தையை இலவச இடத்துக்கு மாற்றுவது பெற்றோர்க்கு இயல்பே. சேர்ந்தவர்க்கோ இடங்கள் நிரம்புகின்றன. பெற்றோர் வேலையிழந்து கட்டணம் நின்றுபோகும் அச்சம் குறைகிறது. முன்பு வேலைக்குப் போக இயலாத தாய்மார் குழந்தையைக் கொண்டுவருகின்றனர். இந்நன்மைகளைச் சிறியவை என்று கூறுவதற்கில்லை.

இங்கிலாந்தில் 2012-ஆம் ஆண்டில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டிருந்த காப்பாளர் எண்ணிக்கை, 2024-இல் முப்பதாயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. இதற்கு இத்திட்டம் ஒன்றே காரணம் என்று கூறுதல் பொருந்தாது. குறைவு பல ஆண்டுகளாகத் தொடர்ந்து வருவது. ஆனால் இடங்களை இலவசமாக்கினால் மட்டும் இடங்கள் பெருகிவிடா என்பதற்கு இது சான்று. இதை உணர்ந்தே அரசாங்கம் 2023-இல், புதிதாக இத்தொழிலில் இறங்குவோர்க்கு 600 பவுண்டும், முகமை வழிச் சேர்வோர்க்கு 1,200 பவுண்டும் தொடக்க மானியமாக அளிக்க முன்வந்தது.

நமக்குரிய படிப்பினை

நம் நாட்டில் வழி வேறு. 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டத்தின்கீழ் அரசே அங்கன்வாடி நடத்துகிறது. தனியார் வீட்டு இடத்தை விலைக்கு வாங்குவதில்லை. எனினும் குழந்தை பேணுவது கூலிக்குரிய உழைப்பு என்னும் கருத்து நமக்குப் புதிதன்று. 2005-ஆம் ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தில், பணித்தளத்துக்குத் தாய்மாருடன் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐவரோ அதற்கு மேலோ வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி, அவருக்கும் கூலி அளிக்கவேண்டும் என்னும் விதி இடம்பெற்றிருந்தது.

ஒரு சேவையை இலவசமாக்கத் தீர்மானம் நிறைவேற்றும் எந்த மன்றமும் மூன்று கேள்விகளைத் தனக்குள் கேட்டுக்கொள்ளல் நன்று. நாம் தரும் தொகை அவ்வேலையின் உண்மைச் செலவுக்கு ஈடாகுமா? அது சொன்ன நாளில் போய்ச் சேருமா? அதைப் பெறுவதற்கு எழுதவேண்டிய படிவங்கள் ஒரு தனி மனிதர் சுமக்கத்தக்கவையா? பெறுபவர்க்கு இலவசமாக இருப்பது, கொடுப்பவர்க்கு நஷ்டமாக இருத்தலாகாது. அவர் தொழிலை விட்டு விலகும் நாளில், இலவச உரிமை காகிதத்தில் இருக்கும்; குழந்தையை விட்டுச் செல்ல வீடு இராது.