துண்டு போட்ட கோப்பு

தங்கையின் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வேண்டியவர்களின் பட்டியலை எக்செல்லில் போட்டு வைத்திருந்தோம். நானும் மச்சானும் ஆளுக்கொரு பென்டிரைவில் அதை எடுத்துக்கொண்டு போனோம். அவர், மதுரைப் பக்கத்து உறவில் விட்டுப்போன 14 பேரைச் சேர்த்தார். நான் வீடு மாறியவர்களின் முகவரிகளைத் திருத்தினேன். ஞாயிறு இரவு அவர் தன் பட்டியலை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். மறுநாள் காலை நான் என்னுடையதை ஏற்றினேன். இதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, மாற்றிவிடவா என்று கேட்டது. தூக்கக் கலக்கத்தில் ஆம் என்றேன். அந்த 14 பேருக்கும் பத்திரிகை போகவில்லை. அவர்களில் ஒருவர் பெரிய மாமா. அதற்குப் பிறகு நடந்ததை அறிவியல் கட்டுரையில் எழுத முடியாது.

கணினித் துறையில் இதைத் 'தொலைந்த திருத்தம்' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தே அழைக்கிறார்கள். இருவர் ஒரே பிரதியிலிருந்து தொடங்குகிறார்கள், இருவரும் சரியாகவே வேலை செய்கிறார்கள், பிந்திச் சேமித்தவர் முந்தியவரின் உழைப்பை அழித்துவிடுகிறார். கோப்பு பழுதாவதில்லை. அழகாகத் திறக்கும். இல்லாமல் போனதைப் பற்றி மட்டும் அது வாயே திறக்காது.

அலுவலகத்தின் பொது ஃபோல்டரில் ஒரு வேர்டு கோப்பைத் திறக்கப் போனால், 'இன்னார் இதைத் திருத்திக்கொண்டிருக்கிறார், படிக்க மட்டும் திறக்கவா?' என்று குறுக்கே வந்து நிற்கிறதே, அது இந்த இழப்பைத் தடுக்கத்தான். பலருக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல். எனக்கும்தான், பெரிய மாமா விவகாரம் வரை.

இந்தப் பூட்டு உண்மையில் இரண்டு பூட்டுகள். முதலாவதைப் போடுவது விண்டோஸ். வேர்டு ஒரு கோப்பைத் திறக்கும்போதே, 'நான் மூடும்வரை வேறு யாரையும் இதில் எழுத விடாதே' என்று சொல்லிவைக்கிறது. மீறி வருகிறவரை விண்டோஸ் தடுத்துவிடும். ஆனால் தடுக்க மட்டுமே தெரியும். உள்ளே இருப்பது யார் என்று வாசலில் நிற்பவருக்குச் சொல்லத் தெரியாது.

அதற்காகத்தான் இரண்டாவது. நாம் பஸ்ஸில் ஜன்னல் வழியாக இருக்கையில் துண்டு போடுவோமே, அதே வேலை. வேர்டு, கோப்பு இருக்கும் ஃபோல்டரிலேயே மறைவாக ஒரு குட்டிக் கோப்பை உருவாக்குகிறது. மூலக் கோப்பின் பெயர் கொஞ்சம் நீளமாக இருந்தால், இதன் பெயரில் முதல் இரண்டு எழுத்துகள் இருந்த இடத்தில் ~$ என்ற குறிகள் இருக்கும். பெரும்பாலும் அதன் அளவு 162 பைட்தான். உள்ளே இருப்பது திறந்தவரின் பெயர். அதுவும் வேர்டின் அமைப்புகளில் என்ன பெயர் பதிந்திருக்கிறதோ அதுதான். பக்கத்து மேசைக்காரர் திறந்த கோப்பை, எப்போதோ வேலையை விட்டுப் போனவர் திருத்திக்கொண்டிருப்பதாக அது சொல்வது இதனால்தான்.

லிப்ரே ஆபீஸ் தன் துண்டை மறைத்தாலும் எழுத்தை மறைப்பதில்லை. கோப்பின் பெயரோடு கடைசியில் # குறி சேர்ந்த அந்தக் குட்டிக் கோப்பை நோட்பேடில் திறந்தால் பயனர் பெயர், கணினியின் பெயர், திறந்த தேதி, நேரம் எல்லாம் படிக்கலாம்.

துண்டுக்கு இருக்கும் கோளாறு இதற்கும் உண்டு. ஆள் இறங்கிப் போயிருப்பார், துண்டு மட்டும் கிடக்கும். கரண்ட் போய்க் கணினி அணைந்தால் துண்டை எடுக்க யாருமில்லை. சில சமயம் திரையில் வேர்டு மூடியிருக்கும், பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் கோப்பை நீங்களே பூட்டியிருப்பதாக உங்கள் பெயரையே காட்டி உங்களைத் தடுக்கும் வேடிக்கை இப்படித்தான் நடக்கிறது.

பூட்டும் யோசனை கணினிக்கு முன்பே ரயிலில் இருந்தது. ஒற்றைத் தண்டவாளப் பாதையில் இரு நிலையங்களுக்கு இடையே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம். நிலையத்தில் வளையத்தோடு கூடிய பையில் ஓர் இரும்புப் பந்தை ஓட்டுநரிடம் கொடுப்பார்கள். 'நீல்ஸ் பால் டோக்கன்' என்பது அதுதான். பந்து கையில் இல்லாமல் வண்டி நகராது. ஒரு பந்து வெளியே இருக்கும்வரை இரு நிலையத்துக் கருவிகளும் அடுத்த பந்தைத் தராது. 1960களில் நெதர்லாந்தின் எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா, கணினி நிரல்கள் ஒன்றோடொன்று மோதாமலிருக்க ஒரு வழி கண்டபோது அதற்கு வைத்த பெயரே 'செமஃபோர்', அதாவது நம்மூர் ரயில் கைகாட்டி.

ஒரு வரியைத் திருத்த முழுக் கோப்பையும் ஏன் பூட்ட வேண்டும்? 2007 முதல் வேர்டு கோப்பு என்பது ஒரு ஜிப் மூட்டை. நடுவில் ஒரு கமாவை மாற்றிச் சேமித்தாலும் மூட்டையைப் புதிதாகக் கட்ட வேண்டியதுதான். தகவல்தளங்கள் இதில் கெட்டிக்காரத்தனம் மிக்கவை. ஐபிஎம்மில் ஜிம் கிரேயும் சகாக்களும் 1970களில் செய்த ஆய்வுகள், பூட்டு எவ்வளவு சிறியதாக இருக்கலாம் என்ற கணக்கை வகுத்தன. ஒரு பெர்த்தை முன்பதிவு செய்ய முழு ரயிலையும் பூட்டத் தேவையில்லை. கிரேக்கு 1998இல் டூரிங் விருது கிடைத்தது. வேர்டும் 2010 பதிப்பில், ஷேர்பாயின்ட்டில் வைத்த கோப்புகளுக்குப் பத்தி பத்தியாகப் பூட்டக் கற்றுக்கொண்டது.

கூகுள் டாக்ஸ் பூட்டுவதே இல்லை. எல்லிஸ், கிப்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1989இல் சொன்ன வழியில் வந்தது அது. நீங்கள் 20ஆம் எழுத்தை அழிக்கிறீர்கள், அதே நொடியில் நான் 5ஆம் இடத்தில் மூன்று எழுத்துகள் சேர்க்கிறேன். உங்கள் கட்டளை '23ஆம் எழுத்தை அழி' என்று மாற்றப்பட்டு என் திரைக்கு வரும். இருவர் பிரதியும் கடைசியில் ஒன்றாகிவிடும். ஆனால் ஒரே கட்டத்தில் நீங்கள் 5,000 என்றும் நான் 6,000 என்றும் போட்டால் எது சரி என்று எந்தச் சூத்திரத்துக்கும் தெரியாது. கணக்கு வழக்குக்குப் பூட்டே மேல் என்பது என் கட்சி.

அடுத்த முறை ஒரு கோப்பு உங்களைத் தடுத்தால், அந்த ~$ கோப்பைத் தேடி அழிக்கும் முன் அதில் பெயர் இருப்பவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். பெயர் உங்களுடையதே என்றால், பின்னணியில் வேர்டு ஓடுகிறதா என்று டாஸ்க் மேனேஜரில் பாருங்கள். ஆனால் பென்டிரைவிலும் வாட்ஸ்அப்பிலும் போகும் பிரதிகளுக்கு எந்தப் பூட்டும் கிடையாது.