மலைமேல் மஃரிப்

கொடைக்கானலும் பழனியும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில், கிழக்கே 77.5 பாகையை ஒட்டி அமைந்தவை. ஆகவே அடிவாரத்திற்குக் கணித்த தொழுகை அட்டவணை மலைமேலும் பொருந்தும் என்றே நம்மில் பலர் எண்ணுவோம். நண்பகலைப் பொறுத்தவரை அது சரியே. இந்திய நேரம் 82.5 பாகையைச் சார்ந்தது. வேறுபாடு 5 பாகை. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம். எனவே ஈரூரிலும் சூரியன் உச்சி கடப்பது சராசரியாக 12.20க்கு. மஃரிபில்தான் சிக்கல். நோன்பு திறக்கக் காத்திருப்பவருக்கு ஒரு நிமிடமும் அற்பமன்று.

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் என்பது பள்ளிப் பாடம். அங்கே ஓடியது பேருந்து. இங்கே ஓடுவது நம் காலடி நிலம். பூமத்திய ரேகையின் 40,075 கி.மீ. சுற்றளவை 24ஆல் வகுக்க, மணிக்கு 1,670 கி.மீ. வரும். கொடைக்கானலின் 10.2 பாகை அட்சரேகையில் வட்டம் சற்றுச் சிறிது. வேகம் 1,643 கி.மீ., அதாவது நிமிடத்திற்கு 27.4 கி.மீ.

இனித் தூரம். மீட்டரில் உயரத்தின் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கி.மீ. தொலைவு என்பது கிடைக்கும். 1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 2,343 மீட்டர் உயரத்தில் உள்ளது. வர்க்கமூலம் 48.4, அடிவானம் 173 கி.மீ. மேற்கே அளந்தால், சேரமான் பள்ளியால் நம் வாசகர் அறிந்த கொடுங்கல்லூரையும் கடந்து அரபிக் கடலில் விழும் தூரம் இது. அந்தக் கடல்மட்டத்தில் சூரியன் அடையும் கணமே மலைமேல் நிற்பவருக்கும் அடையும் கணம். 173ஐ 27.4ஆல் வகுக்க 6.3 நிமிடம். அவ்வளவு தாமதம்!

உயரத்தையும் அடிவானத் தாழ்வையும் இணைத்துச் சிந்திப்பது நமக்குப் புதிதன்று. அல்-பீரூனி 11ஆம் நூற்றாண்டில் நந்தனா மலையிலிருந்து அத்தாழ்வை 34 கலை என அளந்து, அதிலிருந்தே பூமியின் ஆரத்தைக் கணித்தார். நம் காலத்தில், 2011 ரமளானில், புர்ஜ் கலீஃபாவில் 80ஆம் மாடிக்கு மேல் வசிப்போர் இரண்டு நிமிடமும், 150க்கு மேல் வசிப்போர் மூன்று நிமிடமும் தாமதித்து நோன்பு திறக்க வேண்டும் எனத் துபாயில் ஃபத்வா வழங்கப்பட்டது. மேற்கண்ட வாய்பாட்டில் இட்டுப் பார்ப்பவர் அந்த நிமிடங்களின் நியாயத்தைத் தாமே காண்பர்.

ஆயினும் கொடைக்கானல் கோபுரமன்று. மேற்கே ஆனைமலைத் தொடர் குறுக்கிடுகிறது. அங்குள்ள ஆனைமுடி 2,695 மீட்டர். அடிவானம் தெரியுமுன்னரே சூரியன் சிகரங்களுக்குப் பின் ஒளிந்துவிடலாம். மலை மறைப்பதும் சூரியன் அடைவதும் ஒன்றல்ல. இத்தகைய இடங்களில் கிழக்கே இருள் எழுவதை அடையாளமாகக் கொள்வது ஃபுகஹாக்களின் வழக்கம். எனவே 6.3 என்பதை வரையறுத்த நேரமாகக் கொள்ளாமல், அடிவாரத்துப் பாங்கோசைக்கு மலைமேல் உடனே நோன்பு திறக்கலாகாது என்பதற்கான எச்சரிக்கையாகக் கொள்வதே பேணுதல் என நாம் கருதுகிறோம்.

ஃபஜ்ரில் கணக்கு தலைகீழாகும். தடையற்ற கிழக்கில் சூரியன் அதே ஆறு நிமிடம் முந்தி உதிக்கும். அட்டவணையை நம்பிக் கடைசி நிமிடத்தில் தொழ நிற்பவர் நேரம் தவறியிருப்பார். நேர்க்கிழக்கே சிறுமலை நிற்பதால் சிலவிடங்களில் அந்த ஒளி சற்றுப் பிந்தித் தெரியக்கூடும்.