எவர்சில்வரையும் இரும்பையும் பற்றவைக்க எந்த ராடு?

மளிகை வியாபாரிக்கும் வெல்டிங் ராடுக்கும் என்ன சம்பந்தம் என்று நம் உறுப்பினர்களில் சிலர் நினைக்கலாம். கடையையும் கிடங்கையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தால் சம்பந்தம் தெரிந்துவிடும். எடைமேடையின் மேல்தட்டு எவர்சில்வர், அடிச்சட்டம் இரும்பு. மாவு மில்லில் தானியம் கொட்டும் வாய் எவர்சில்வர், அதைத் தாங்கும் கால்கள் ஆங்கிள் இரும்பு. செக்கு வைத்திருப்பவர்களிடம் எண்ணெய் தெளிய வைக்கும் தொட்டி எவர்சில்வர், ஸ்டாண்டு இரும்பு. எல்லாவற்றையும் எவர்சில்வரிலேயே செய்தால் நமக்குக் கட்டுபடியாகாது. அதனால் பொருள் படும் இடத்தில் எவர்சில்வர், பாரம் தாங்கும் இடத்தில் இரும்பு என்று செய்துகொள்கிறோம். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் இந்த இரண்டும் சேரும் இடத்தில் எந்த ராடு போட்டுப் பற்றவைக்கிறார்கள் என்பதை நாம் பார்ப்பதே இல்லை.

200 லிட்டர் எண்ணெயின் எடை சுமார் 180 கிலோ. அந்தப் பாரம் முழுவதும் நான்கு கால்களின் தலைப்பில் உள்ள சில அங்குல வெல்டில் நிற்கிறது. அதன் கீழே கடைப்பையன் உட்கார்ந்து டின் பிடிக்கிறான். ராடு விஷயத்தை அலட்சியமாக விடக்கூடாது என்று நாம் சொல்வது இதற்காகத்தான்.

பட்டறைகளில் வழக்கமாக நடப்பது இரண்டு. கையில் இருக்கிற சாதா இரும்பு ராடை, அதாவது 6013 என்கிற ராடைப் போட்டு ஒட்டிவிடுவது ஒன்று. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் ‘எவர்சில்வர் ராடு’ என்று 308 வாங்கிப் போடுவது இன்னொன்று. இரண்டும் ஒட்டும். ஒட்டுவதைப் பார்த்து நாமும் திருப்தியாகப் பணம் கொடுத்துவிட்டு வருகிறோம்.

உண்மையில் இந்த வேலைக்கு உரியது 309எல் என்ற ராடு. இதன் காரணத்தைக் காபிக் கணக்கில் சொன்னால் எளிதாகப் புரியும். பால் நிறைய சேரும் என்று தெரிந்தால் டிகாக்‌ஷனைத் திக்காக இறக்குவோம் அல்லவா? அதே கணக்குத்தான். வெல்டிங் செய்யும்போது ராடு மட்டும் உருகுவதில்லை. இரண்டு பக்கத்து உலோகமும் கொஞ்சம் உருகி அதோடு கலக்கிறது. 304 எவர்சில்வரில் நூற்றுக்குச் சுமார் 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல். சாதா இரும்பில் இரண்டும் இல்லை என்றே சொல்லலாம். ஆகவே இரும்பு உருகிக் கலக்கும்போது வெல்டு நீர்த்துப்போகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெல்டில் 70 பங்கு ராடு, 15 பங்கு எவர்சில்வர், 15 பங்கு இரும்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 308 ராடில் சுமார் 20 பங்கு குரோமியம், 10 பங்கு நிக்கல் உண்டு. கலந்தபின் குரோமியம் 17க்கும், நிக்கல் 8க்கும் அருகில் வந்து நிற்கும். பார்ப்பதற்கு 304 போலத்தான் தோன்றும். ஆனால் இரும்பிலிருந்து கரியும் சேர்ந்து வருகிறது. இந்த அளவு ஓரத்தில் நிற்கிற அளவு. இரும்பு இன்னும் கொஞ்சம் கூடுதலாக உருகிவிட்டால் வெல்டு கடினப்பட்டு, கண்ணாடி போல நொறுங்கும் தன்மை வந்துவிடும். 309இல் குரோமியம் சுமார் 23, நிக்கல் சுமார் 13. அதே கலப்புக்குப் பிறகும் குரோமியம் 19, நிக்கல் 10 என்ற அளவில் நிற்கும். வெல்டர் கை கொஞ்சம் முன்பின் ஆனாலும் தாங்கும். சாதா இரும்பு ராடு போட்டால் வெல்டில் குரோமியம் 3 பங்குகூட வராது. துருவை எதிர்க்க வேண்டுமானால் பத்தரைப் பங்காவது வேண்டும். ஆகவே அந்த வெல்டு துருப்பிடிக்கும். அதோடு கடினப்பட்டு வெடிக்கவும் செய்யும்.

இந்தக் கலப்புக் கணக்கு புதிதல்ல. ஷேஃப்லர் என்பவர் 1949ஆம் ஆண்டிலேயே இதைப் படமாகப் போட்டு வைத்திருக்கிறார். பொறியாளர்கள் இன்றும் அதைப் பார்த்துத்தான் ராடு தேர்வு செய்கிறார்கள்.

“இருபது வருஷமாக இதைத்தான் போடுகிறேன், எதுவும் விழவில்லை” என்று வெல்டர் சொல்வார். அவர் சொல்வது பொய்யல்ல. பாரம் இல்லாத தட்டுக்கும், ஆடாமல் நிற்கும் அலமாரிக்கும் 308 போட்டது வருடக்கணக்கில் நிற்கக்கூடும். வினை வருவது அதிர்வு உள்ள இடத்தில்: மாவு மில், சக்கரம் வைத்த வண்டி, நாள் முழுக்க மூட்டை ஏறி இறங்கும் எடைமேடை. அங்கே மயிரிழைபோல ஒரு கீறல் விழுந்து, வெல்டின் ஓரமாகவே ஓடும். மேலே பெயின்ட் அடித்திருந்தால் விழும் நாள்வரை தெரியாது.

எண்ணுக்குப் பின்னால் வரும் ‘எல்’ என்ற எழுத்து, கரி குறைவு என்பதைக் குறிக்கும். அடுத்து வரும் 16 என்பது மேல்பூச்சின் வகை. பட்டறைகளில் உள்ள சாதாரண ஏ.சி. மிஷினிலும் எரியும். ஆகவே கேட்க வேண்டியது ‘ஈ309எல்-16’. பாக்கெட்டில் மட்டுமின்றி ஒவ்வொரு ராடின் பிடிக்கும் முனை அருகிலும் இந்த எண் அச்சடித்திருக்கும். அதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். காந்தம் வைத்துப் பார்க்கிறேன் என்று சிலர் கிளம்புவார்கள். 308க்கும் 309க்கும் உள்ள வித்தியாசம் காந்தத்துக்குத் தெரியாது. தகடு விஷயமும் அப்படியே. 304 என்று சொல்லி 202 தகட்டைத் தலையில் கட்டினாலும் காந்தம் காட்டிக்கொடுக்காது. 202 தகட்டை இரும்போடு இணைக்கவும் 309எல் போடலாம் என்பது ஒரு சௌகரியம்.

விலை சற்றுக் கூடுதல்தான். நிக்கல் கூடினால் விலையும் கூடும். ஆனால் ஒரு ஸ்டாண்டின் நான்கு கால்களுக்குச் சில ராடுகளே ஆகும். கூலியையும் தகடு விலையையும் சேர்த்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் கணக்கிலேயே வராது. எவர்சில்வரோடு எவர்சில்வர் சேரும் இடத்துக்கு 308எல் போதும். அங்கேயும் 309 கேட்டுப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

தகடு ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறைந்தால் ராடு வெல்டிங் ஓட்டை போட்டுவிடும். அதற்கு ஆர்கான் வெல்டிங்தான். அங்கே போடும் கம்பியும் 309எல் ஆகவே இருக்கட்டும். தொட்டியாக இருந்தால், கால் வரும் இடத்தில் வெளிப்பக்கமாக ஒரு கனமான எவர்சில்வர் துண்டை முதலில் பற்றவைத்து, அந்தத் துண்டில் இரும்புக் காலை இணைக்கச் சொல்லுங்கள். தொட்டிச் சுவர் பிழைக்கும்.

கால்களுக்கு ஜி.ஐ. பைப் போடுகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அதன் மேல் உள்ள துத்தநாகப் பூச்சை, வெல்டு வரும் இடத்தைச் சுற்றித் தேய்த்து எடுத்துவிட வேண்டும். துத்தநாகம் உருகி எவர்சில்வருக்குள் இறங்கினால், எவ்வளவு நல்ல ராடு போட்டாலும் வெடிக்கும். அந்தப் புகை வெல்டருக்கும் காய்ச்சலைக் கொண்டுவரும். இரும்பு தேய்த்த அதே கல்லால் எவர்சில்வரைத் தேய்க்கவும் விடாதீர்கள். இரும்புத் தூள் ஒட்டி, நாலு நாளில் புள்ளி புள்ளியாகத் துரு கிளம்பும். தகடு மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம்.

எவர்சில்வர் இரும்பைவிட ஒன்றரை மடங்கு விரியும். சூட்டையும் சீக்கிரம் கடத்தாது. கரண்டைக் குறைத்து, விட்டு விட்டுச் சிறு சிறு துண்டுகளாகப் போட வேண்டும். அவசரப்படுத்தினால் தட்டு கோணிக்கொள்ளும். எடைமேடைத் தட்டு கோணினால் அப்புறம் எடையும் தகராறு.

வேலை முடிந்ததும் கசடைத் தட்டி எடுத்து, இரும்புப் பக்கம், வெல்டு, எவர்சில்வரில் ஓர் அங்குலம் என மூன்றையும் சேர்த்துப் பெயின்ட் அடிக்க வேண்டும். உப்பு, புளி, கருவாடு வைக்கும் இடங்களில் இது மிக அவசியம். ஈரம் பட்டால் எவர்சில்வருக்கு ஒட்டி நிற்கும் இரும்பு வேகமாக அரிக்கும்.

ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்களுக்கும் ஒரு வார்த்தை. பாக்கெட்டைப் பிரித்து எண்ணி விற்பது நம் வழக்கம். அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் பிரித்த 308, 309 இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு வைக்காதீர்கள். ஈரம் பட்ட ராடு வெல்டில் பொத்தல் விடும்; ஆகவே மூடியுள்ள டின்னில் தனித்தனியாக வையுங்கள். பில்லில் ‘எஸ்.எஸ். ராடு’ என்று மொட்டையாக எழுதாமல் எண்ணையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். வாங்குபவரும் அந்தப் பில்லை வெல்டர் கையில் கொடுத்துவிடாமல், ஸ்டாண்டு ஓடுகிறவரை தம்மிடமே வைத்திருக்கட்டும்.