தந்தையின் தொழிலும் மைந்தனின் உரிமையும்

நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த முதலாண்டில் நிகழ்ந்தது இது. பதிவேட்டில் எழுதுவதற்காக, ஏழாம் வகுப்பு மாணவர் ஒவ்வொருவரையும் எழுப்பி, ‘உன் தந்தையின் தொழில் யாது?’ என்று வினவினேன். ஒருவன் மட்டும் தலைகுனிந்து நின்றான். பின்வரிசையிலிருந்து வேறொருவன், ‘சுடுகாட்டு வேலை, சார்’ என்றான். வகுப்பு நகைத்தது. நான் மேசையைத் தட்டி அமைதி உண்டாக்கினேனேயன்றி, சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. அன்று தவறவிட்டதை இன்று உங்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

இறந்தோர்க்குரிய இறுதிப் பணியைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் குடும்பங்கள் பல நாடுகளில் உண்டு. அமெரிக்க நாட்டில் அப்பணி தந்தையிடமிருந்து மக்களுக்கு எவ்வாறு கைமாறுகின்றது என்று காண்போம்.

பண்டு அங்கும் வீட்டாரே உடலைக் கழுவி உடுத்தினர். ஊர்த் தச்சர் சவப்பெட்டி செய்து தந்தார். மேசை நாற்காலி செய்து விற்றவர்களே நாளடைவில் வண்டியையும் ஆட்களையும் ஏற்பாடு செய்யலாயினர். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில், தொலைவில் மாண்ட வீரர்களை வீடு சேர்க்க வேண்டி, உடலில் மருந்தேற்றிக் கெடாமற் காக்கும் முறை பரவிற்று. 1865-இல் சுடப்பட்டு இறந்த ஜனாதிபதி லிங்கனின் உடலும் அவ்வாறே காக்கப்பட்டு, வாஷிங்டனிலிருந்து ஸ்பிரிங்ஃபீல்டு வரை பல நகரங்கள் வழியாக இரயிலில் சென்றது. தச்சுப் பட்டறையின் துணைத்தொழில் இங்ஙனம் தனித்தொழிலாயிற்று. ஈமப்பணி இல்லங்கள் தோன்றின. கீழ்த்தளத்தில் அஞ்சலிக் கூடமும் மேல்தளத்தில் அக்குடும்பத்தார் வாழிடமுமாகப் பல இல்லங்கள் அமைந்தன. ‘இன்னாரும் மைந்தரும்’ என்று பெயர்ப் பலகை தொங்கும்.

ஆயினும், பலகையில் இடம் பெற்றதனாலேயே மைந்தன் அத்தொழிலுக்கு உரியவன் ஆகிவிடுவதில்லை. பெரும்பாலான மாநிலங்களில் அவன் அதற்குரிய கல்லூரியில் பயில வேண்டும். உடற்கூறு, இரசாயனம், நுண்ணுயிரியல், சட்டம், துயருற்றோர் மனநிலை ஆகியவை அங்குப் பாடங்கள். பின்னர்த் தேர்வில் தேறி, அனுபவமுள்ளவரிடம் பயிற்சி பெற்று, அரசின் உரிமம் பெற வேண்டும். தந்தை கட்டடத்தைத் தரலாம். உரிமத்தைத் தர இயலாது. இன்று இப்படிப்பைப் பயில்வோரில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். ஆகவே, பலகையில் புதல்வியர்க்கும் இடம் வந்துவிட்டது.

உரிமத்தினும் அரிய பொருள் ஒன்றுண்டு, அது நம்பிக்கை. நிறவேற்றுமை நிலவிய காலத்தில் கறுப்பின மக்கள் தமக்கென ஈமப்பணி இல்லங்களை நடத்தினர். 1955-இல் எம்மெட் டில் என்னும் 14 வயதுச் சிறுவன் மிசிசிப்பியில் வெள்ளையரால் கொலையுண்டான். பெட்டியைத் திறக்கலாகாது என்னும் நிபந்தனையுடன் அவன் உடல் சிகாகோவுக்கு அனுப்பப்பட்டது. ‘என் மகனை நான் காண வேண்டும்; உலகமும் காண வேண்டும்’ என்னும் கருத்தில் தாய் உறுதியாக நின்றார். ‘ரேய்னரும் மைந்தரும்’ என்னும் குடும்ப நிறுவனத்தார் அத்தாயின் விருப்பத்துக்கு இணங்கினர். பல்லாயிரவர் வந்து கண்டனர். ஒரு நாட்டின் மனச்சாட்சி உலுக்கப்பட்டது.

இத்தொழிலில் குறையே இல்லையென்று எண்ணற்க. துயரில் இருப்போரிடம் மிகுந்த விலை பெறுவதாக 1963-இல் ஜெசிகா மிட்ஃபர்ட் ஒரு நூலில் கடுமையாகச் சாடினார். விலைப்பட்டியலைக் கேட்போர்க்குத் தரவேண்டும் என்னும் விதி 1984-இல் நடைமுறைக்கு வந்தது. குடும்ப இல்லம் ஒன்றின் வாரிசான ராபர்ட் வால்ட்ரிப் 1962-இல் தொடங்கிய நிறுவனமோ, இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட இல்லங்களை உடையதாக வளர்ந்துள்ளது. பெருநிறுவனங்கள் இல்லத்தை வாங்கிய பின்னும் பழைய குடும்பப் பெயரையே பலகையில் விட்டு வைப்பதுண்டு. காரணம் வெளிப்படை: மக்கள் நம்பியது அப்பெயரையன்றோ!

எனினும், அங்கே மைந்தன் ‘இத்தொழில் எனக்கு வேண்டா’ என்று சொல்லிப் பிரிந்து செல்லலாம். ஏற்றானாயின் ஊரார் அவனை மதிப்பர். நம் நாட்டிலோ, பிறப்பே இத்தொழிலைச் சிலர் தலையில் சுமத்தியது. மறுக்க வழியில்லை, செய்தால் மதிப்புமில்லை. தொழில் ஒன்றே, வேறுபாடு விருப்பத்திலும் மதிப்பிலுமே உள்ளது.

மாணவர்களே, அவ்வகுப்பு மீண்டும் கிட்டுமாயின், தந்தையின் தொழிலை எல்லார் முன்னும் கேளேன். ‘நீ என்ன ஆக விரும்புகின்றாய்?’ என்றே கேட்பேன். நகைத்தோரை நோக்கி, ‘நம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நாள் அவன் தந்தையின் கைகள் வேண்டப்படும், அவற்றுக்கு வணக்கம் செலுத்துங்கள்’ என்பேன். அன்று நான் சொல்லாத சொல் அதுவே.