மர்மத் தொடரும் முன்னோட்டமும்

அறியாததை அறிந்தே தீரவேண்டும் என்னும் அவா மக்கள் உள்ளத்தில் இயல்பாகவே அமைந்துள்ளது. மூடிய பெட்டியைக் கண்ட குழந்தை அதனைத் திறந்து பாராமல் அமைவதில்லை. முதியோரும் இவ்வகையில் குழந்தைகளே. இவ்வவாவையே முதலாகக் கொண்டு நடைபெறும் வாணிகம் ஒன்று நம் காலத்தில் உண்டு. புதிய மர்மத் தொடர் தொலைக்காட்சியில் தொடங்குமுன், அரை நிமிட அளவில் அடிக்கடி காட்டப்பெறும் முன்னோட்டமே அது. 'புரோமோ' என்று வீடுதோறும் வழங்கும் இச்சிறு காட்சி நம்மை எவ்வாறு ஈர்க்கின்றது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டென வகுத்தார். அவற்றுள் அச்சமும் மருட்கையும் இரண்டு. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கும் அச்சம் பிறக்கும் இடங்கள். புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கும் மருட்கை பிறக்கும் இடங்கள். இன்றைய முன்னோட்டங்களை இவ்வளவுகோலால் அளந்து பார்ப்பின் பெரும்பாலன இவற்றுள் அடங்கக் காணலாம். பேயும் தெய்வமும் அணங்கின்பாற்படும். கொலைஞனும் கொள்ளையனும் கள்வரின்பாற்படுவர். அதிகாரம் படைத்தோர் இழைக்கும் கொடுமை இறையின்பாற்படும். கருவிகள் புதியன, அவை தொடும் இடம் மிகப் பழையது.

தமிழ்நாட்டில் இக்கலை தொலைக்காட்சியோடு பிறந்ததன்று. பேசும்படம் வந்த நாட்களில் மாட்டுவண்டியில் தட்டி கட்டி, மேளம் முழக்கி, துண்டு நோட்டீஸ்களை வீசிக்கொண்டு தெருத்தெருவாகச் சென்றனர். திரையரங்கில் விற்ற பாட்டுப் புத்தகமோ இன்னும் நுட்பமானது. அது கதையைச் சுருக்கிச் சொல்லிக்கொண்டே வந்து, இடர் முற்றும் இடத்தில் நிறுத்தி, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடிக்கும். இன்றைய முன்னோட்டம் முழுவதும் அவ்வொரு வரியின் விரிவே எனலாம்.

அசோக் நகரில் வாழ்வோர்க்கு இவ்வரலாறு அயலதன்று. படப்பிடிப்பு நிலையங்கட்குப் பேர்பெற்ற வடபழனியும் கோடம்பாக்கமும் சாலிக்கிராமமும் இந்நகருக்கு அண்மையில் உள்ளன. கொலை செய்தவர் யார் என்னும் ஒரே வினாவின்மேல், பாடலொன்றும் இன்றி எழுப்பப்பட்ட 'அந்த நாள்' என்னும் படத்தை ஏ.வி.எம். நிறுவனம் 1954இல் வெளியிட்டது. அசோக் தூணுக்கு அருகே 1983இல் திறக்கப்பெற்றுப் பல்லாண்டுகள் விளங்கிய உதயம் திரையரங்கம் இன்று இல்லை. அங்கே வழிப்போக்கரை நிறுத்திய பெரிய விளம்பரப் பலகைகளின் வேலையை, இன்று வீட்டுக் கூடத்துத் தொலைக்காட்சியும் கையிலுள்ள கைப்பேசியும் செய்கின்றன.

தொலைக்காட்சியில் மர்மத்திற்கு நிலையான இடம் தேடித் தந்தவற்றுள் தலையாயது 'மர்மதேசம்'. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்க, கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனத்தார் அமைத்த இத்தொடர் 1990களில் சன் தொலைக்காட்சியில் வெளிவந்தது. அதன் ஒரு பகுதியாகிய 'விடாது கருப்பு' எழுப்பிய வினா எளியது: சிற்றூரில் தவறு செய்தோரைத் தண்டிப்பது காவல் தெய்வமா, மனிதனா? இவ்வினாவுக்கு உரை வேண்டியதில்லை. இருளில் குதிரைமீது விரையும் ஓர் உருவமே போதும். ஊர் எல்லையில் கருப்பசாமியைக் கண்டு வளர்ந்த தமிழர் உள்ளம் எஞ்சியதைத் தானே நிரப்பிக்கொள்ளும்.

இனி, முன்னோட்டம் செய்வோர் கையாளும் முறைகளைக் காண்போம். அவர்க்குக் கிடைக்கும் காலம் மிகக் குறுகியது. 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகள், ஒரு மணி நேரத்தில் விளம்பரம் 12 நிமிடத்திற்கு மிகலாகாது என்றும், அதனுள் ஓர் அலைவரிசை தன் சொந்த நிகழ்ச்சிகளைப் பறைசாற்ற 2 நிமிடமே கொள்ளலாம் என்றும் வரையறுத்தன. ஆதலின் ஒவ்வொரு நொடியும் அவர்க்குப் பொன்னாகும்.

முதலாவது முறை மறைத்தல். கொலைஞனின் கை தெரியும், முகம் தெரியாது. கதவு திறக்கும், உள்ளிருப்பது தெரியாது. 'அன்றிரவு அங்கே இருந்தது...' என்று ஒருவர் தொடங்குவார். வாக்கியம் முடியுமுன் திரை இருண்டுவிடும்.

இரண்டாவது, ஒட்டுதல். ருஷ்ய நாட்டு இயக்குநர் லேவ் குலஷோவ் 1920ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் ஒரு சோதனை செய்தார். ஒரு நடிகரின் ஒரே முகத்தை உணவுக் கிண்ணத்தை அடுத்தும், சவப்பெட்டியை அடுத்தும் வைத்துக் காட்டினார். மாறாத அம்முகத்தில் பார்த்தோர் ஓரிடத்தில் பசியையும் மற்றோரிடத்தில் துயரத்தையும் கண்டனராம். முன்னோட்டம் தொகுப்போர்க்கு இது பெருந்துணை. முதல் வாரத்தில் ஒருத்தி திடுக்கிடும் முகத்தையும், பத்தாம் வாரத்தில் ஒருவன் கத்தி எடுக்கும் கையையும் அடுத்தடுத்து வைத்தால், அவன் அவளையே கொல்ல வருகின்றான் என்று நாம் துணிகின்றோம். அங்கே பொய் ஒன்றும் சொல்லப்படவில்லை. ஆயினும் பொய்யொன்றை நம்பிவிட்டோம்.

மூன்றாவது, ஒலி. இதயத் துடிப்பை ஒத்த முழக்கம் மெல்லத் தொடங்கி விரைந்து உயரும். உச்சத்தில் திடீரென அறும். அந்த ஒரு நொடி அமைதியே அலறலினும் மிகுதியாக அஞ்சுவிப்பது. இறுதியில் நாளும் நேரமும் கூறி, 'காணத் தவறாதீர்கள்' என்று ஒரு குரல் பணிக்கும். அச்சத்தால் விழித்திருக்கும் நினைவில் அந்நேரம் ஆணிபோல் பதியும்.

அண்மைக் காலத்தில் இணையவழித் தொடர்களும் இம்முறைகளையே விரித்தன. புஷ்கர், காயத்ரி ஆகிய இருவரும் படைத்து, 2022 ஜூன் 17 அன்று அமேசான் பிரைமில் வெளிவந்த 'சுழல்', காணாமற்போன ஒரு பெண்ணைத் தேடும் கதை. மயானக் கொள்ளைத் திருவிழா நிகழும் நாட்களில் கதை நடத்தலால், அவ்விழாவின் வேடங்களே அதற்கு அச்சமும் புதுமையும் தந்தன. தமிழ் மண்ணுக்குரிய விழாவை அயலார்க்குப் புதுமையாகவும் நமக்கு அறிந்த அச்சமாகவும் காட்டியது அதன் திறம். அதே ஆண்டு டிசம்பர் 2இல் வந்த, ஆண்ட்ரூ லூயிஸின் 'வதந்தி', இறந்துபட்ட வெலோனி என்னும் பெண்ணைப் பற்றி ஊரார் புனையும் கதைகளைச் சாடுவது. ஆனால் 'யார் இந்த வெலோனி?' என்னும் ஆவலைத் தூண்டாமல் அத்தொடரை விற்க இயலுமோ? வதந்தியைக் கண்டிக்கும் நூலுக்கும் வதந்தியின் வாயே வாயில் ஆகின்றது. இம்முரண் எண்ணத்தக்கது.

இத்தொழிலில் ஒரு பெரிய இடர் உண்டு. எழுப்பிய வினாவுக்கு விடை கூறும் கடன் அது. அமெரிக்காவில் 1990இல் தொடங்கிய 'ட்வின் பீக்ஸ்' என்னும் தொடர், 'லாரா பாமரைக் கொன்றவர் யார்?' என்னும் ஒரு வினாவால் நாடெங்கும் பேசப்பட்டது. விடையை விரைவில் வெளியிட இயக்குநர் டேவிட் லிஞ்ச் விரும்பவில்லை. ஒளிபரப்பிய நிறுவனத்தாரோ வற்புறுத்தினர். அவ்வாண்டு நவம்பரில் கொலைஞன் வெளிப்பட்டான். வினா தீர்ந்ததும் பார்ப்போர் குறைந்தனர். 1991இல் தொடர் நின்றது. வினா ஒன்றையே விற்றவர்க்கு, விடை வந்தபின் விற்கப் பொருளில்லை. கதைமாந்தரின் நெஞ்சையும் ஊரின் வாழ்வையும் காட்டி ஈர்த்த தொடரோ, மர்மம் அவிழ்ந்த பின்னும் நினைவில் நிற்கும். 'விடாது கருப்பு' முடிவை அறிந்தோரும் அதனை மீண்டும் காண விழைதல் இதற்குச் சான்று.

மற்றொன்றும் கூறுதல் வேண்டும். பெண்ணொருத்தியின் அலறலும் அவளது உயிரற்ற உடலும் முன்னோட்டங்களில் மலிந்துள்ளன. கதையினுள்ளே அவளுக்குப் பெயரும் தாயும் கனவும் இருக்கலாம். அரை நிமிடத்தில் அவையெல்லாம் உதிர்ந்து, அவள் தூண்டிலில் கோத்த இரையாகவே நிற்கின்றாள். மாலையில் குழந்தைகளும் முதியோரும் கூடியிருக்கும் கூடத்தில், கேளாமலே வந்து நுழைவது முன்னோட்டம். தொடரைக் காண்பதும் விடுப்பதும் நம் விருப்பம். முன்னோட்டத்திற்கு அவ்விருப்பம் நமக்கு இல்லை. எனவே அதனைத் தொகுப்போர்க்குப் பொறுப்பு மிகுதி.

ஆதலின் முன்னோட்டத்தை வெறுத்தலும் வேண்டா. அதற்கு மயங்குதலும் வேண்டா. நல்ல முன்னோட்டம் ஒரு வாக்குறுதி. அடுத்த முறை திரை இருண்டு முழக்கம் அறும்போது, 'இவர் எழுப்பிய வினா யாது? அதற்கு விடை கூறும் வலிமை இக்கதைக்கு உண்டா? எவருடைய துன்பத்தைக் காட்டி நம்மை அழைக்கின்றார்?' என்னும் மூன்றையும் எண்ணிப் பார்ப்போமாக. அவ்வாறு எண்ணும் பார்வையாளர் பெருகுவாராயின், வாக்குறுதி தருவோரும் அதனைக் காக்கக் கற்பர்.