தோளுக்குப் பின்னால் ஒரு வால்வு

செஸ்னா 172 என்ற நான்கு பேர் விமானத்தின் என்ஜின் மூடியைத் திறந்து பாருங்கள். சிலிண்டர் நான்குதான், ஆனால் ஸ்பார்க் பிளக் எட்டு. அவற்றுக்கு மின்பொறி தரும் மேக்னெட்டோவும் இரண்டு. பேட்டரி செத்துப்போனாலும் மேக்னெட்டோ தன் மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். ஒன்று மக்கர் செய்தால் மற்றது என்ஜினை ஓட்டிவிடும். 44,000-க்கும் மேல் தயாரிக்கப்பட்ட, உலகில் வேறெந்த விமானமும் எட்டாத எண்ணிக்கையைத் தொட்ட விமானம் இது. அதன் என்ஜினை வடிவமைத்தவர்கள் மின்பொறிக்கு எந்த ஒற்றைப் பொருளையும் நம்பவில்லை.

அப்படியும் என்ஜின் நின்றுவிட்டால் விமானம் உடனே விழுந்துவிடாது. ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர் தூரம் சறுக்கிக்கொண்டே போகும். அதற்குள் ஒரு வயலோ சாலையோ கண்ணில் பட்டால் இறக்கிவிடலாம்.

இரண்டாவது ஏற்பாடு இல்லாதது ஓட்டும் ஆளுக்குத்தான். பயணிகள் விமானத்தில் ஒருவர் ஓட்டும்போது இன்னொருவர் கவனிப்பார். வானிலையும் எரிபொருள் கணக்கும் பார்க்கத் தரையில் தனி ஆட்கள் உண்டு. சிறு விமானத்தில் இத்தனையும் ஒரே ஆள் தலையில். சிறு விமான விபத்துகளில் பெரும்பாலானவற்றுக்கு 'விமானியின் தவறு' என்றே காரணம் எழுதப்படுகிறது. அது பொய்யில்லை. ஆனால் அத்தோடு கோப்பை மூடிவிடுவது சோம்பேறித்தனம் என்பேன்.

1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மான்டரே விமான நிலையத்திலிருந்து பாடகர் ஜான் டென்வர் தனியாகக் கிளம்பினார். 2,700 மணி நேரத்துக்கு மேல் பறந்த அனுபவசாலி. விமானம் மட்டும் அவருக்குப் புதிது. பர்ட் ரூட்டன் வடிவமைத்த லாங்-ஈஸி. வரைபடத்தை வாங்கி அவரவரே கட்டிக்கொள்ளும் ரகம். ரூட்டனின் வரைபடப்படி, எந்தத் தொட்டியிலிருந்து எரிபொருள் வரவேண்டும் என்று மாற்றும் வால்வு விமானியின் கால்களுக்கு நடுவே இருக்கும். இந்த விமானத்தைக் கட்டியவரோ, எரிபொருள் குழாய் ஆள் உட்காரும் இடத்துக்குள் வரவேண்டாம் என்று நினைத்து, வால்வை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். எந்தப் பக்கம் திருப்பினால் எந்தத் தொட்டி என்ற குறியும் போடவில்லை. எரிபொருள் அளவு காட்டும் கண்ணாடிகளும் பின்னிருக்கைப் பக்கம்தான்.

வால்வு எட்டவில்லை என்பது டென்வருக்குத் தெரியும். பராமரிப்புக்காரரும் அவரும் கைப்பிடியில் ஓர் இடுக்கியை மாட்டி நீட்டிப் பார்த்தார்கள், சரிவரவில்லை. பின்னால் இருக்கும் அளவைப் பார்க்கப் பராமரிப்புக்காரர் ஒரு சிறு முகம்பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்தார். எரிபொருள் நிரப்பட்டுமா என்று கேட்டதற்கு, ஒரு மணி நேரம்தானே, வேண்டாம் என்றார் டென்வர்.

பசிபிக் குரோவ் கரையோரம் சுமார் 500 அடி உயரத்தில் போகும்போது என்ஜின் சத்தம் குறைந்ததை நேரில் கண்டவர்கள் கேட்டார்கள். அடுத்த சில விநாடிகளில் விமானம் கடலில் மூக்கு குத்தியது. புலனாய்வாளர்கள் அதே ரக விமானத்தில் உட்கார்ந்து பார்த்தபோது விஷயம் புரிந்தது. வால்வைத் திருப்ப வேண்டுமானால், வலப்பக்கம் இருக்கும் கட்டுப்பாட்டுக் கோலிலிருந்து கையை எடுக்க வேண்டும். தோள்பட்டை வாரைக் கழற்ற வேண்டும். உடம்பை இடது பக்கம் முழுக்கத் திருப்ப வேண்டும். அப்படித் திரும்பும்போது உடம்பு ஊன்றிக்கொள்ள இடம் தேடி, வலது கால் தன்னையறியாமல் முன்னால் உதைக்கும். அங்கே இருப்பது சுக்கானின் வலது பெடல். பெடல் அழுந்தினால் விமானம் வலப்பக்கம் திரும்பிக் கவிழும்.

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விமானியின் கவனம் சிதறியதைக் காரணமாகச் சொன்னது. கூடவே வால்வு இருந்த இடத்தையும், குறியில்லாத அளவுக் கண்ணாடிகளையும், புது விமானத்தில் போதிய பயிற்சி இல்லாததையும் சேர்த்தது. கூட இன்னொருவர் இருந்திருந்தால் உதவியிருக்கலாம்.

டென்வரைக் கவிழ்த்தது கால் என்றால், அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஜான் கென்னடி ஜூனியரை ஏமாற்றியது காது. 1999 ஜூலை 16 இரவு, மனைவியையும் மனைவியின் சகோதரியையும் ஏற்றிக்கொண்டு நியூஜெர்சியிலிருந்து மார்த்தாஸ் வினியார்ட் தீவுக்குத் தன் பைப்பர் சரடோகாவை ஓட்டிப் போனார். கீழே கடல், எங்கும் மூட்டம், தொடுவானம் எதுவென்றே தெரியாத இருட்டு. கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பதற்கான உரிமம் அவரிடம் இல்லை. கூட வருகிறேன் என்று ஒரு பயிற்றுநர் சொல்லியும், தனியாகவே போக விரும்பினார். விமானம் சுழன்று இறங்கிக் கடலில் மோதியது. சிதைவுகளில் இயந்திரக் கோளாறு எதுவும் அகப்படவில்லை.

உள்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள், அவற்றில் திரவம். தலை திரும்பும்போது குழல் நகரும், திரவம் பின்தங்கும். அந்த வித்தியாசத்தைத்தான் மூளை 'திரும்புகிறோம்' என்று படிக்கிறது. ஆனால் செம்பைச் சுற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே இருக்கும் தண்ணீரும் கூடவே சுற்றத் தொடங்குவதுபோல, ஒரே வேகத்தில் திரும்பிக்கொண்டிருந்தால் சில விநாடிகளில் திரவமும் குழலும் ஒன்றாகிவிடும். அதன்பின் விமானம் சாய்ந்து திரும்பிக்கொண்டே இருந்தாலும் ஆளுக்கு நேராகப் போவதாகவே தோன்றும். உயரம் குறைவதைக் கருவியில் பார்த்துக் கோலை இழுப்பார். சாய்வைச் சரிசெய்யாமல் இழுத்தால் சுழல் இன்னும் இறுகும்.

1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகம், கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை ஒரு பீச்கிராஃப்ட் போனான்ஸாவில் வெளியே தெரியாதபடி ஓட்டவைத்தது. இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 விநாடிகள், மூன்று நிமிடம்கூட இல்லை. கொஞ்சம் பயிற்சி கொடுத்ததும் அதே ஆட்களால் விமானத்தைத் திருப்பி வந்த வழியே கொண்டுபோக முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

இன்னொரு பழைய எமன், தரையிறங்குவதற்கு முந்தைய திருப்பம். ஓடுபாதையைத் தாண்டிவிட்டோமே என்று விமானி கோலை இழுத்து இறுக்கித் திருப்புவார். இறக்கை காற்றை எதிர்கொள்ளும் கோணம் ஓரளவுக்கு மேல் போனால், என்ஜின் எவ்வளவு உறுமினாலும் இறக்கை தூக்காது. 60 பாகை சாய்ந்து திரும்பும்போது, தாங்கி நிற்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் நாற்பது சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். மேலே நடந்தால் மீண்டுவிடலாம், சில நூறு அடியில் அதற்கு உயரம் இருக்காது. 1980 ஜூன் 23 அன்று டெல்லி சப்தர்ஜங் அருகே பிட்ஸ் விமானத்தில் தாழப் பறந்து சாகசம் செய்தபோது சஞ்சய் காந்தி உயிரிழந்தாரே, அங்கும் போதாமல் போனது உயரம்தான்.

என்ஜினே குற்றவாளியாகும் சந்தர்ப்பங்களில் விசித்திரமானது கார்புரேட்டர் பனி. பெட்ரோல் ஆவியாகும்போது கார்புரேட்டர் கழுத்துக்குள் வெப்பம் சடாரென இறங்கும். வெளியே 20 பாகை செல்சியஸ் இதமான வெயில் அடித்தாலும், காற்றில் ஈரம் இருந்தால் உள்ளே பனி கட்டி என்ஜினின் மூச்சை அடைக்கும். விழுந்த விமானத்தைப் புலனாய்வாளர் போய்ப் பார்ப்பதற்குள் சாட்சி உருகிப் போயிருக்கும். சூடான காற்றை உள்ளே விட ஒரு குமிழ் இருக்கிறது. அதை இழுக்க நினைவு வரவேண்டும், அவ்வளவுதான்.

பக்கத்து இருக்கைக்கு ஆள் கிடைக்காத இடத்தில் இப்போது இயந்திரங்கள் உட்காரத் தொடங்கியிருக்கின்றன. சிரஸ் நிறுவனத்தின் விமானங்களில் கூரையில் இருக்கும் சிவப்புக் கைப்பிடியை இழுத்தால், சிறு ராக்கெட் ஒன்று பாராசூட்டை இழுத்து விரிக்கும். விமானம் முழுதும் அதில் தொங்கியபடி இறங்கும். 2020-இல் பைப்பர் எம்600 விமானத்துக்கு அனுமதி பெற்ற கார்மின் கருவி இன்னும் ஒரு படி மேல். விமானி மயங்கிவிட்டால் பயணி ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அதுவே விமான நிலையத்தைத் தேர்ந்தெடுத்து, வானொலியில் தகவல் சொல்லி, இறங்கி, பிரேக் போட்டு, என்ஜினையும் அணைத்துவிடும். அந்த விமானத்தின் விலை கோடிகளில். பயிற்சிப் பள்ளிகளில் நிற்கும் பழைய செஸ்னாக்களில் இதெல்லாம் கிடையாது. அங்கே எரிபொருள் முள்ளை நம்பாதே, இறக்கையருகே ஏறித் தொட்டிக்குள் குச்சி விட்டு அளந்து பார்த்த பிறகு கிளம்பு என்றுதான் மாணவருக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.